அன்னம்மாள் பார்த்த மூன்று பள்ளங்கள்

“ஏட்டி ஜெயமணி, நீ படிக்கிற பிள்ளதானே. எண்ணெய் நெறைய இருக்கையிலயே ஒரு ஷாஃப்ட் ஆடுமா?”

1971 ஆடி மாதம், மனு ஒன்று எழுதித் தரச் சொல்லி வந்த அன்னம்மாள் அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். அப்போது நான் பதினோராம் வகுப்பு. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. “அதெல்லாம் மனுவுல எதுக்கு அக்கா?” என்றேன்.

அக்கா மணப்பாடு பக்கத்துக் கடற்கரைக்காரர். கடல் தாண்டி எங்கள் தீவுக்கு, ரங்கத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மர ஆலைக்குக் கணவர் கஸ்பாரோடு வந்தவர். கஸ்பார் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அதன்பின் ஆலையில் அக்காவுக்கு இன்ஜின் ரூமில் துடைக்கும் வேலையும், தொழிலாளர் லைனில் ஓர் அறையும் கொடுத்தார்கள். வேலை போனால் அறையும் போய்விடும். ஊரில் அவருக்கென்று வீடு இல்லை.

ஆலைக்குக் கரண்ட் தரும் டீசல் இன்ஜினை அக்கா ‘பெரியவன்’ என்பார். அதன் தலைமேல் இருந்த டர்போவுக்குப் பெயர் ‘சின்னவன்’. இன்ஜின் விடும் புகை டர்போவுக்குள் ஒரு சிறிய சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சுழற்சி இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும். சக்கரத்தின் தண்டு, அதாவது ஷாஃப்ட், நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும். புஷ் என்கிற வெண்கல வளையத்துக்குள், எண்ணெயின் மேல் மிதந்தபடி சுற்றும். இன்ஜினை ஓட்டுமுன் அந்த எண்ணெய்க் குழாயின் வால்வைத் திறப்பதும், நிறுத்தியபின் மூடுவதும் அக்காவின் பொறுப்பு.

ஃபிட்டர் ஜம்புலிங்கம் காலையில் வந்ததும் கேலியைத் தொடங்குவார். “என்னக்கா, சின்னவனைக் குளிப்பாட்டியாச்சா?”

“குளிப்பாட்டி பவுடரும் போட்டாச்சு. பொண்ணு பாக்க நீ கூட வாறியா?”

அந்த வருடம் புஷ் தேய்ந்துவிட்டது. மெயின்லேண்டுக்கு எழுதிப் போட்டார்கள். இரண்டு கப்பல் வந்தும் சாமான் வரவில்லை. ஆலை நிற்கிறதே என்று மேனேஜர் சாப் குதித்தார். ஜம்புலிங்கம் பழைய வெண்கலத்தை லேத்தில் கடைந்து புதிய புஷ் செய்தார். அழகான வேலை. உள்ளே விரலை விட்டுப் பார்த்தவர்கள் எல்லாம் ‘பக்கா, பக்கா’ என்றார்கள்.

அக்கா மட்டும் பழையதையும் புதியதையும் துடைத்து அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: “எப்பா, பழசுக்குள்ள மூணு பள்ளம் தட்டுப்படுது. இதுல காணலியே?”

“தேஞ்சா பள்ளம் விழத்தான் செய்யும். புதுசுலயும் பள்ளம் வேணுமா உங்களுக்கு?” என்று ஜம்புலிங்கம் சிரித்திருக்கிறார்.

மறுநாள் அக்கா வால்வைத் திறந்ததும் இன்ஜினை ஓட்டினார்கள். முதலில் நன்றாகவே ஓடியது. ரம்பங்கள் எல்லாம் ஓடத் தொடங்கி இன்ஜினுக்குச் சுமை ஏறியதும், சின்னவனின் கூவலுக்கு அடியில் ஓர் உறுமல் கேட்டிருக்கிறது. துணியோடு கை வைத்த அக்கா, “நிறுத்துங்க, இவன் வேற மாதிரி நடுங்குதான்!” என்று கத்தினார். யாரும் காதில் வாங்கவில்லை. பத்து நிமிடத்தில் சக்கரம் கூட்டில் இடித்து உடைந்தது.

இன்ஜின் நின்றதும் அக்கா பழக்கப்படி வால்வை மூடினார். அவருக்கு வினையானது அதுதான். மேனேஜர் வந்து பார்த்தபோது வால்வு மூடியிருந்தது. எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் உடைந்து மாதக்கணக்காகியிருந்தது. அக்கா அதைத் திறந்ததை யாரும் கவனித்திருக்கவில்லை; சாட்சி இல்லை. ஓட்டுமுன் அக்கா திறக்கவே இல்லை, எண்ணெய் போகாமல்தான் டர்போ உடைந்தது என்று முடிவு கட்டி அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அதற்குத்தான் அக்கா எங்கள் டீக்கடைக்கு வந்து என்னை மனு எழுதச் சொன்னார். “தெறந்தேன்னு எழுது. எண்ணெய் இல்லாம வெந்த புஷ்ஷ நான் முன்னாடி பாத்திருக்கேன். நீலம் பாரிச்சு கருகிக் கெடக்கும். இது தேச்சு வச்ச கும்பா மாதிரி மினுங்குது. அந்த மூணு பள்ளத்தையும் எழுது.”

நான் எழுதவில்லை. பள்ளம், நீலம், கும்பா என்றெல்லாம் எழுதினால் ஆபீசில் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். என் இங்கிலீஷுக்கு அதெல்லாம் வரவும் இல்லை. பள்ளியில் சொல்லிக்கொடுத்த முறையில் பணிவாக ஒரு பக்கம் எழுதினேன். கடைசியில், ‘அறியாமல் நேர்ந்த பிழையை மன்னித்து வேலை தர வேண்டும்’ என்று சேர்த்தேன். மனு என்றால் அப்படித்தான் முடியும் என்பது என் எண்ணம். அக்கா படிக்கத் தெரியாதவர். நம்பிக் கைநாட்டு வைத்தார்.

மேனேஜர் அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தார். “மாஃபி மாங்கா ஹை நா? தோ கல்தி மான் லியா.” மன்னிப்புக் கேட்டாயிற்றே, தப்பை ஒப்புக்கொண்டாயிற்று என்று பொருள். அத்தோடு விசாரணை முடிந்தது.

வெளியே வந்த அக்கா என்னைத் திட்டவில்லை. “நான் மன்னிப்பு கேக்கச் சொல்லலியேட்டி,” என்றார். அவ்வளவுதான்.

பத்து நாளில் அறையைக் காலி செய்தார். கஸ்பாரின் கல்லறைச் சிலுவைக்கு வெள்ளை அடித்துவிட்டு ரங்கத்திலிருந்து போட் ஏறினார். வழியனுப்ப நான் போகவில்லை. முகத்தில் விழிக்க முடியவில்லை.

ஐப்பசியில் மெட்ராஸிலிருந்து புதிய டர்போவோடு பக்தவத்சலம் என்கிற இன்ஜினியர் வந்தார். எங்கள் கடை பெஞ்சில் இரண்டு புஷ்களையும் வைத்துப் பார்த்தவர், “உள்ளே இவ்வளவு வட்டமா கடைஞ்சது யாருப்பா?” என்று கேட்டார்.

“நான்தான் சார்,” என்றார் ஜம்புலிங்கம், பெருமையாக.

“அந்த மூணு பள்ளமும் தேய்மானம் இல்லைப்பா. கம்பெனியே வேணும்னு வச்சது. ஷாஃப்ட்டை ஒட்டின எண்ணெய் அதோட ஓடும், புஷ்ஷை ஒட்டினது நிக்கும். நடுவுல இருக்கறது கிட்டத்தட்ட பாதி வேகத்துல சுத்தும். ஷாஃப்ட் லேசு, வேகமோ ஜாஸ்தி. துளை வழவழன்னு வட்டமா இருந்தா, அந்த எண்ணெயே ஷாஃப்ட்டைத் தள்ளிக்கிட்டுச் சுத்த ஆரம்பிச்சிடும். பள்ளம் இருந்தா மூணு பக்கமும் எண்ணெய் அதை அழுத்தி நடுவுல நிறுத்தும்.”

“அப்ப எண்ணெய் போயிருக்கா சார்?” என்று நான் கேட்டேன்.

“போகாம இருந்தா இது கருகியிருக்காதா? எண்ணெய் நல்லாவே இருந்திருக்கும்மா.”

ஜம்புலிங்கம் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார். “ஒரு அம்மா அன்னைக்கே சொன்னாங்க சார்,” என்றார்.

அவரும் நானும் மேனேஜரிடம் போனோம். ஃபைல் மூடியாயிற்று என்றார். அக்கா விட்டுப்போன உறவினர் விலாசத்துக்கு மூன்று கடிதம் போட்டேன். மூன்றும் திரும்பி வந்தன. நான் பள்ளியை முடித்து ஒரு வருடமாகிறது. ஒரு வேலையிலும் மனம் நிற்கவில்லை. அந்தக் கடைசி வரியை நான் எழுதாமல் இருந்திருந்தால், அக்கா இப்போதும் அந்த லைனில் இருப்பார்.

இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மணப்பாடு, பெரியதாழைப் பக்கம் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களையும் மற்றவர்களிடம் சொல்லச் சொல்லுங்கள். அன்னம்மாளுக்கு இப்போது ஐம்பது வயதிருக்கும். வலது கைப் பெருவிரலில் நகம் கிடையாது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாமல், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரியும் விடாமல் வாசித்துக் காட்டுங்கள்.