பாதியில் நின்ற மயில்

தாராவியில் எங்கள் கடையில் இருக்கும் எம்பிராய்டரி மெஷின், ஒரு பழைய கம்ப்யூட்டர் சொன்னபடிதான் தைக்கும். அதிலுள்ள விண்டோஸை மாற்றினால் மெஷின் ஓடாது. விற்ற கம்பெனியை மூடிப் பல வருடமாகிறது.

போன தை மாதம் செம்பூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகளுக்குக் கல்யாணம். தன் முகூர்த்தப் புடவையிலிருந்து வெட்டிய பட்டுத் துணியைக் கொடுத்து, மகளின் ரவிக்கை முதுகில் மயில் போடச் சொன்னார். மகளே கம்ப்யூட்டரில் வரைந்த மயில். அந்த ஃபைல் எங்கள் சாஃப்ட்வேரில் திறக்கவில்லை. புது சாஃப்ட்வேரைப் போட்டேன். சிஸ்டம் பழையது என்று சொல்லி அது மூடிக்கொண்டது.

“முடியாதுன்னு சொல்லிருங்க. பெறவு அவங்க முகத்துல முழிக்க முடியாது” என்றாள் மனைவி. நூல் கோப்பதும் துணியைச் சட்டத்தில் பூட்டுவதும் அவள்தான்.

எனக்கு மனசு வரவில்லை. தாதரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவரைக் கூட்டிவந்தேன். அவர் ஏதேதோ சேர்த்து அந்தப் புது சாஃப்ட்வேரை ஓட வைத்தார். போகும்போது, “சலேகா, பர் பரோசா நஹீ” என்றார். ஓடும், நம்ப முடியாது.

பழைய துணியில் ஓட்டிப் பார்த்தோம். மயில் அழகாக விழுந்தது. மறுநாள் பட்டைப் பூட்டினோம். கழுத்து முடிந்து, தோகை பாதி வந்திருந்தது. திரை நீலமானது. ஊசி நின்றது.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, விட்ட இடத்திலிருந்து ஓட்டினேன். ஊசி ஒரு விரல் தள்ளி இறங்கியது. மயிலின் கழுத்துக்குக் குறுக்கே பச்சை நூல் ஓடியது.

“நிறுத்துங்க! நிறுத்துங்க!” என்று மனைவி கத்தினாள். ஸ்விட்சைத் தட்டுவதற்குள் நாலு வரி தைத்துவிட்டது. ஒரு முடிச்சைப் பிரித்துப் பார்த்தாள். பட்டு இழை விட்டது. கையை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அந்த அம்மா வந்தார். “கம்ப்யூட்டர் பழசும்மா...” என்று ஆரம்பித்தேன். துணியை அவரிடம் நீட்டினேன். கோணலாக ஓடிய நூலை அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“முடியாதுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தப் புது சாஃப்ட்வேர் இன்னும் அந்தப் பழைய கம்ப்யூட்டரில்தான் கிடக்கிறது. அதை எடுக்கப்போய், இருப்பதும் நின்றுவிட்டால்? தொடவே பயமாக இருக்கிறது.