கழுத்தில் ஒட்டிய கடல்

அந்த ஓவியருக்கு ஊர் ஓவியர் சங்கத்தில் 'காயாதவர்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது மின்சார ரசீதில் மட்டும் புழங்கியது. எண்ணெய் வண்ணத்தில் வரைந்த படம் காய வாரக்கணக்கில் ஆகும். இவரோ சங்கத்தின் வருஷக் கண்காட்சி திறக்கிற அன்று காலையில்தான் கடைசிப் பூச்சைப் பூசுவார். படத்தைச் சுவரில் மாட்டிய பிறகும் நாற்காலியில் ஏறி நின்றுகொண்டு, "இந்த ஒரு இலையை மட்டும்..." என்று இழுப்பார். வந்தவர்களில் யாருக்காவது முழங்கையில் பச்சையோ தோளில் மஞ்சளோ தெரிந்தால், அவர் காயாதவர் படத்தைக் கிட்டப் போய் ரசித்திருக்கிறார் என்று அர்த்தம். ஒரு வருஷம், திறந்து வைக்க வந்த பெரிய மனிதர் மூக்கு நுனியில் ரோஜா நிறத்தோடு வீடு போய்ச் சேர்ந்தார். அதற்கு வீட்டில் என்ன விளக்கம் சொன்னார் என்பது நமக்கு வேண்டாத வம்பு.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் ஊரார் முகங்களை வரைந்து கொடுத்தார். கடைக்காரர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள், புகைப்படத்தில் மட்டும் மிச்சமிருக்கும் தாத்தாக்கள், அப்புறம் நாய்கள். நாயைப் போல நல்ல வாடிக்கையாளர் கிடையாது என்பார். "மூக்கைக் கொஞ்சம் சின்னதா போடுங்கன்னு அது ஒரு நாளும் கேக்காது."

மனைவி தையல்காரி. வீட்டில் இருந்ததே ஒரு நல்ல ஜன்னல்தான். ஊசியில் நூல் கோர்ப்பவளுக்குத்தான் வெளிச்சம் வேண்டும் என்று கல்யாணமான புதிதிலேயே தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்பு சொன்னதும் அவள்தான். மெஷினை ஜன்னலைப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். இவர் வெளி நடையில் படம் வரையும் ஸ்டாண்டைப் போட்டுக்கொண்டார். அவள் எழுந்து வந்தால் இவர் வயிற்றை எக்கிக்கொண்டு வழி விடவேண்டும். கதவு திறந்தே இருக்கும். இத்தனை வருஷமாக இவர் தலையைத் தூக்கினால் தெரிவது அவள் முதுகுதான்.

அவள் கண்காட்சிக்கு வந்தது ஒரே ஒரு தடவை, கல்யாணமான முதல் வருஷம். நிச்சயமானபோது இவர், "என் கையால வரையப் போற முதல் நல்ல படம் நீதான்" என்று வாயை விட்டிருந்தார். அந்த நம்பிக்கையில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். சுவரில் இருந்தவை பக்கத்து வீட்டு நாய், ஒரு பேருந்து, ஒரு காலிஃப்ளவர். மூன்றையும் பொறுமையாகப் பார்த்தாள்.

"காலிஃப்ளவருக்கு இருக்கிற அதிர்ஷ்டம் எனக்கு இல்ல. என்னை வரைஞ்சதும் சொல்லியனுப்புங்க, வர்றேன்" என்றாள். அதோடு வரவில்லை.

கோபமா என்றால் கோபமில்லை. ஒவ்வொரு வருஷமும் அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்து, தலை வாரச் சொல்லி, வாசல் வரை வந்து அனுப்பி வைப்பாள். வரமட்டும் மாட்டாள். இவரும் வரையாமலில்லை, ஆரம்பித்து ஆரம்பித்துச் சுரண்டிப் போட்டார். கடைக்காரருக்கு முகம் பிடிக்கவில்லை என்றால் திட்டிவிட்டுப் போவார். மனைவிக்குப் பிடிக்கவில்லை என்றால்? அதே வீட்டில் அல்லவா சாப்பிட்டாக வேண்டும்!

இந்த வருஷம்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. முகத்தை எதற்குத் தேடிக்கொண்டு அலைய வேண்டும்? அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அந்த முதுகு அல்லவா? தோளில் தொங்கும் அளவு நாடா, கொண்டையில் குத்திய குண்டூசிகள், தையலுக்குக் குனியும்போது சட்டைக் காலருக்கு மேலே தெரியும் கழுத்து. திருட்டுத்தனமாக ஆரம்பித்தார். மெஷின் ஓடுகிற வரைக்கும் வரைவார். சத்தம் நின்றதும் படத்தின் மேல் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் நாய்ப்படத்தின் காதைத் தடவிக்கொண்டிருப்பார். அதிர்ஷ்டமும் கூடி வந்தது. அந்த நாட்களில் அவள் விடாமல் அதே பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அதிசயம் என்னவென்றால், படம் கண்காட்சிக்கு வெகு முன்னாலேயே முடிந்து, காய்ந்தும் போயிற்று. தொட்டுத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. கண்காட்சி நாள் காலை வாசலில் நின்றுகொண்டு, செருப்பைப் பார்த்தபடி, "சாயங்காலம் நீ வரலாம்" என்றார்.

அவள் அவர் காலரைச் சரிசெய்தாள். "வர்றேன்" என்றாள். அவ்வளவுதான். அவர் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சங்கத்தின் படங்கள் எல்லாம் பழக்கூடை அக்காவின் ரொட்டி வண்டியில்தான் கண்காட்சி நடக்கும் நூலக மாடிக்குப் போகும். அக்காவின் கணவருக்கு பேக்கரி. அக்கா பழக்கூடைகள் மட்டும் வரைவார்; வரைந்து முடித்ததும் மாடலைச் சாப்பிட்டுவிடுவார். வண்டியில் படங்களை ஏற்றுவதற்கு ஒரு முறை உண்டு. முகத்தோடு முகம், முதுகோடு முதுகு. காயாத படமாக இருந்தால் நாலு மூலையிலும் தக்கை செருகி, மற்றதைத் தொடாமல் நிறுத்துவார்கள். அந்தத் தக்கைகளுக்கே சங்கத்தில் காயாதவர் தக்கை என்றுதான் பெயர். வேறு யாருக்கும் அவை தேவைப்பட்டதில்லை.

அன்றும் அக்கா தக்கைப் பையோடு வந்தார்.

"வேண்டாங்க்கா. காஞ்சிடுச்சு" என்றார் காயாதவர்.

"என்னது?"

"தொட்டுப் பாருங்க."

அக்கா தொட்டார். விரலைப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். "அண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். தக்கைப் பை வண்டியின் மூலைக்குப் போயிற்று. அவருடைய படத்துக்கு எதிர்முகமாக வைத்தது கடலின் படத்தை.

கடல் என்பது ஆள். கடலைத் தவிர வேறொன்றும் வரையாதவர், காயாதவருக்கு நெடுங்காலச் சிநேகிதர், ஒழுங்குக்குப் பேர்போனவர். "மச்சான், நான் மூணு மாசம் முன்னாடியே முடிச்சிடுவேன்" என்று வருஷா வருஷம் குத்திக்காட்டுவார். வண்டியில் ஏற்றும்போது மட்டும் அன்று அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எல்லாரும் காயாதவருக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டார்.

நூலக மாடியில் படங்களைப் பிரித்தபோது, சர்ரென்று ஒட்டுப்பிளாஸ்திரியை உரிக்கிற மாதிரி ஒரு சத்தம். வழியில் எங்கோ ரொட்டித் தட்டின் மூலை பின்னாலிருந்து இடித்து, இரண்டு கேன்வாஸையும் ஒரே இடத்தில் முத்தமிட வைத்திருந்தது. மனைவியின் கழுத்தில், கொண்டைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு நீலம். கடல் படத்தின் நடுவில் அதே அளவுக்கு நீலம் உரிந்து ஒரு வெளுத்த ஓட்டை.

எல்லாரும் காயாதவரைப் பார்த்தார்கள். காயாதவர் கடலைப் பார்த்தார். கடல் தரையைப் பார்த்தார்.

"நேத்து என் மருமக வந்து, 'மாமா, போன வருஷப் படத்தையே மறுபடி வைக்கிறீங்களா'ன்னு கேட்டா" என்றார் மெல்ல. "மனசு கேக்கல மச்சான். காலைல எழுந்து பழசைச் சுரண்டிட்டு அலையெல்லாம் புதுசா போட்டேன்."

"வண்டியில சொல்லியிருக்கலாமே!"

"உனக்குக் கைதட்டுறாங்க. அந்த நேரத்துல என் படம் ஈரம்னு எப்படிடா சொல்லுவேன்? மானம் போயிடாதா?"

காயாதவருக்குக் கடலைத் திட்ட நேரமில்லை. சாயங்காலம் அவள் வருவாள். இத்தனை வருஷம் கழித்து வந்து, கழுத்தில் அழுக்கோடு தன்னைப் பார்ப்பாள். வேகவேகமாகத் துணியையும் வண்ணம் கரைக்கும் டர்பென்டைனையும் எடுத்தார். அடியில் இருந்த படம் காய்ந்தது. மேலே ஒட்டியதுதான் ஈரம். பதமாகத் துடைத்தால் போய்விடும்.

"நில்லுய்யா!" என்று ஒரு குரல். சங்கத் தலைவர். பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது இருமினால்கூட எழுந்து உரையாற்றுவார். படத்தின் முன்னால் வந்து நின்றவர் பேசவே இல்லை. அதுவே அபூர்வம். கடைசியில், "துடைக்காத. ஜன்னலுக்கு வெளியில இருக்கிற மொத்த வானமும் அங்க வந்து உக்காந்த மாதிரி இருக்கு" என்றார்.

"ஆமா அண்ணே, இதுவரைக்கும் நீங்க செஞ்சதுல இதான் ஒசத்தி" என்றார் அக்கா.

"இதை நான் எங்கக்கா செஞ்சேன்? உங்க ரொட்டித் தட்டுல்ல செஞ்சுது!"

துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். துடைத்தால், 'என் கையால' என்று சொன்ன சொல் சுத்தமாக இருக்கும். துடைக்காவிட்டால் படம் நன்றாக இருக்கும். அதுவும் உண்மைதான், கண் பொய் சொல்லாது. இரண்டு தடவை கிட்டப் போனார். இரண்டு தடவையும் திரும்பி வந்தார். நடுவில் அக்கா கொடுத்த ரொட்டியைத் துணியென்று நினைத்து டர்பென்டைனில் நனைக்கப் போனதாகப் பிற்பாடு ஒரு பேச்சு உண்டு. அதற்குள் சாயங்காலமாகி, வாசலில் பழகிய செருப்புச் சத்தம் கேட்டது.

வந்துவிட்டாள். பச்சைச் சட்டை. கூடத்தில் எல்லாரும் திடீரென்று மற்றவர்கள் படங்களை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள். கடல் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார், தூண் ஒல்லி.

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படத்தின் முன்னால் நின்றாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். காயாதவருக்குத் தன் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. டர்பென்டைன் துணியைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"என் முதுகு இவ்வளவு அகலமா?"

"இல்ல, அது... வெளிச்சம்..."

"கழுத்துல என்ன நீலம்?"

அவர் வாயைத் திறக்குமுன் அவளே கையைப் பின்னால் கொண்டுபோய் அதே இடத்தைத் தொட்டாள். "இங்கதாங்க எனக்கு வலிக்கும். குனிஞ்சு குனிஞ்சு தைச்சு, வருஷக்கணக்கா. உங்ககிட்ட சொன்னதே இல்லையே. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

தூணுக்குப் பின்னாலிருந்து கடல் தலையைத் தலையை ஆட்டினார்: சொல்லாதே, வாயை மூடிக்கொள், தானாக வந்து விழுந்த பேரை வாங்கிக்கொள். வாங்கிக்கொள்ளலாம். ஒரு 'ம்' சொன்னால் போதும். இத்தனை வருஷக் கடன் ஒரே எழுத்தில் தீர்ந்துவிடும்.

"நான் கண்டுபிடிக்கல" என்றார் காயாதவர். "வண்டியில வரும்போது கடலோட படம் ஒட்டிக்கிச்சு. உனக்கு அங்க வலிக்கும்னு எனக்குத் தெரியாது. தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். தெரியல."

தூணுக்குப் பின்னால் யாரோ நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

அவள் சிரித்தாள். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"இது உங்க நீலம் இல்லைன்னு. உங்க சட்டையெல்லாம் யாருங்க துவைக்கிறது? எந்த நிறம் உங்க கைக்கு வரும், எது எந்த சோப்புக்குப் போகும், எல்லாம் எனக்கு அத்துப்படி. இந்த நீலம் நம்ம வீட்டு வாளியில ஒரு நாளும் கரைஞ்சதில்ல." தூண் பக்கம் திரும்பி, "என்னண்ணே, உங்களோடதுதானே?" என்றாள்.

"மன்னிச்சிடு தங்கச்சி" என்று கடல் அசடு வழிய வெளியே வந்தார்.

"அப்போ ஏன் கேட்ட?" என்றார் காயாதவர்.

"நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான்." அவள் திரும்பவும் படத்தைப் பார்த்தாள். "வலி மட்டும் நெசம். அதே எடம்தான்." பிறகு குரலைத் தணித்து, "மெஷின் நின்னதும் வேட்டியை எடுத்துப் போர்த்துற சத்தம் எனக்குக் கேக்காதுன்னு நெனச்சீங்களா? நடுவுல நிறம் மாறினா திண்டாடுவீங்களேன்னு இதே சட்டையைத் துவைச்சுத் துவைச்சுப் போட்டேன். பாருங்க, கலர் போயே போச்சு. படத்துல இருக்கிறதுதான் புதுசு மாதிரி இருக்கு" என்றாள்.

காயாதவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கப் பையிலிருந்து துணியை எடுத்தார்.

"அதை வைங்க, டர்பென்டைன்!" என்று கையைத் தட்டிவிட்டாள்.

அவர் அவளுக்குப் பின்னால் போய் நின்றார். தலைவர், அக்கா, கடல், பார்க்க வந்த ஊர் ஜனம் அத்தனை பேரும் இருக்க, படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு, நீலம் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் கீழ. ஆங்."

தலைவர் உரையாற்ற எழுந்தார். அக்கா அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

நீலத்தைத் துடைக்கவில்லை. படம் இப்போது நடையில், அவருடைய ஸ்டாண்டுக்கு மேலே தொங்குகிறது. ஜன்னல் அறையில் மாட்டலாமே என்றால், "அங்கதான் அசலே இருக்கே" என்கிறார். மெஷினுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறார், அவள் அவ்வளவு குனியாமல் இருக்க. தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் கட்டைவிரல் வேலையும் நடக்கிறதாம். அக்கா போனபோது பார்த்திருக்கிறார், பார்த்ததை நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறார்.

கடலும் அந்த ஓட்டையை அடைக்கவில்லை. அவருடைய கடல்களிலேயே வித்தியாசமான கடல் அதுதான் என்று மருமகளே ஒப்புக்கொண்டாள். ஒரு பல் டாக்டர் அதை வாங்கித் தன் காத்திருப்பு அறையில் மாட்டினார். பல்வலியோடு உட்கார்ந்திருப்பவர்கள் நடுவில் இருக்கும் அந்த வெள்ளைத் திட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் தையல்காரி கடைவாய்ப் பல்லுக்காகப் போயிருந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் படத்தைக் காட்டி, "எவ்வளவு அமைதியான தீவு பாத்தீங்களா? அங்க போய் இருந்துடலாம்போல இருக்கு" என்றாள்.

தையல்காரி வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு சொன்னாள்:

"அது தீவு இல்லம்மா. என் கழுத்து."