ஆத்தா காலடியில் லண்டன் செக்

என் அக்காள் நவமணியின் கணவர் அர்ச்சுனனை யாராவது பிழைக்கத் தெரியாதவர் என்று சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அப்படிச் சொல்ல எனக்கு மட்டும்தான் உரிமை. அன்றைக்கு பேங்க் வாசலில் அவரோடு நின்றவன் நான்தான்.

தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு கித்தா தோட்டம், ரப்பர் தோட்டத்தை அப்படித்தான் சொல்வோம். அங்கே பால்மரம் வெட்டிய உடையப்பனின் ஒரே மகன் அவர். ஈப்போவில் ஈயச் சுரங்கக் கம்பெனி ஒன்றில் வரைபடங்களைப் பார்த்துப் பிரதி எடுக்கும் வேலை. அங்கேயே குனோங் ராபாட்டில் வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமையானால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் போய்விடுவார். பாறை இடுக்கில் முளைத்திருக்கும் செடிகளை வரைய உட்கார்ந்தால் சோறு தண்ணீர் நினைவு வராது. ஆறிப்போன சோற்றை வைத்துக்கொண்டு அக்காள் கத்துவாள்.

கம்பெனிக்கு வந்துபோன வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் அந்தப் படங்களில் சிலவற்றை லண்டனுக்குக் கொண்டுபோய் ஒரு பதிப்பகத்தில் காட்டினார். அதிலிருந்து அவ்வப்போது படம் கேட்டுக் கடிதம் வரும். வரைந்து அனுப்புவார். கூலி மணியார்டராக வரும். எல்லாம் சில்லறைக் காசு. ஈப்போ தபால் நிலையத்தில் வாங்கிய கையோடு பாசாருக்குப் போய் மீன் வாங்கிவிடுவார்.

எண்பத்திரண்டாம் ஆண்டு பொங்கல் முடிந்த வாரம் பெரியது வந்தது. சுண்ணாம்புக் குன்றுத் தாவரங்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம். படங்கள் அத்தனையும் அவரே வரைய வேண்டும். முன்பணமாக ஒரு செக் வைத்திருந்தார்கள். அதை பேங்கில் போட்டாலே சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம், தனியாகப் பதில் எழுத வேண்டியதில்லை என்று கடிதம் சொன்னது. இந்தப் புத்தகம் கைகூடினால் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வரைந்தே பிழைக்கலாம். மச்சானுக்கு வாழ்க்கையில் வேறு ஆசையே கிடையாது.

அவர் செக்கைத் தூக்கிக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போனார், அப்பாவிடம் காட்ட.

உடையப்பன் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மொதச் சம்பளத்த கோயில்ல ஆத்தா காலடியில வச்சுட்டுதானே தொட்டோம். இது அதவிடப் பெருசுலா. சித்திரையில திருவிழா வருது. வச்சு எடுத்துட்டு அப்பறம் பேங்குக்குப் போ."

வீட்டில் அக்காளுக்கு ஒப்பவில்லை. "பேங்குல போட்டுடுங்க. காசு வந்ததும் அத ஆத்தாகிட்ட வைப்போம். வேணாம்னா சொல்லப் போறா?"

"காசு பத்துப் பேரு கை பட்டு வரும் நவமணி. இந்தக் காயிதத்துலதான் எம்பேரு இருக்கு."

மச்சான் செக்கின் நான்கு மூலையிலும் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். படங்களை மட்டும் உடனே ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் குன்றுதான்.

சித்திரை வந்தது. திருவிழா வரவில்லை. கரகத்தை முதலில் எந்த லயத்து வீட்டு வரிசை ஆள் எடுப்பது என்று மேட்டு லயத்துக்கும் பள்ளத்து லயத்துக்கும் அடிதடியாகி, போலீஸ் வந்து, எல்லாம் ஆடிக்குத் தள்ளிப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அவனுங்க சண்டைக்கு ஒங்க செக்கு ஏன் மச்சான் காத்திருக்கணும்?"

"ஆடிதானேடா ராஜு. இந்தா வந்துரும்."

ஆடியில் பூசாரி அந்தச் செக்கைத் தட்டில் வைத்து அம்மன் காலடியில் வைத்தார். அர்ச்சுனனுக்கு லண்டனிலிருந்து வந்த காசு என்று மைக்கில் சொன்னதும் இரண்டு லயத்து ஆட்களும் சண்டையை மறந்து கைதட்டினார்கள். உடையப்பன் அழுதேவிட்டார். உண்மையைச் சொன்னால் நானும்தான் கைதட்டினேன்.

மறுநாள் நான்தான் அவரை ஈப்போ பேங்குக்குக் கூட்டிப்போனேன். கவுண்டரில் இருந்த சீனப் பெண் நகத்தால் குங்குமத்தைச் சுரண்டித் தேதியைப் பார்த்தாள். ஆறு மாதம் தாண்டிவிட்டது, இது இனி செல்லாது, அனுப்பியவர்களிடம் புதிதாக வாங்கி வாருங்கள் என்று தன்மையாகத்தான் சொன்னாள். மச்சான் வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போடவில்லை.

லண்டனுக்கு எழுதினார். பதில் மிக மரியாதையாக வந்தது. இத்தனை மாதமாகியும் செக் பேங்குக்கு வராததால் உங்களுக்கு விருப்பமில்லை என்று எண்ணி வேறொருவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டோம், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றார்கள். வருந்தியது அவர்கள்! அதற்குப் பிறகு அங்கிருந்து கடிதமே வரவில்லை. வரைந்து முடித்திருந்த படங்களைப் பழைய பேப்பரில் சுற்றி அலமாரி மேல் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே கிடந்தார். கத்துவதற்குக் காரணம் இல்லாமல் போனதே அக்காளுக்குப் பெரிய வருத்தம்.

அப்பாவிடம் மட்டும் மச்சான் சொல்லவில்லை. மாதாமாதம் தன் சம்பளத்திலிருந்து கொஞ்சம் எடுத்து, லண்டன் காசு என்று சொல்லிக் கொடுத்துவந்தார். கிழவர் அதைத் தோட்டமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

எண்பத்தைந்து கடைசியில் ஈய விலை விழுந்தது. அடுத்த சில மாதத்தில் கம்பெனியை மூடினார்கள். இந்த ஒன்றையாவது அப்பாவிடம் சொல்லியாக வேண்டுமே என்று மூவரும் பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனோம்.

உடையப்பன் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஈயம் போனா போவுது. லண்டன் காசுதான் வருதேலா? ஆத்தா காலடியில வச்ச காசு, வத்துமா?"

மச்சான் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார். சொல்லித் தொலையுங்கள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அக்காள் கைப்பையைத் திறந்தாள். திரும்பிப் போக வைத்திருந்த பஸ் காசை எடுத்து மாமனார் கையில் வைத்தாள்.

"வருது மாமா. இது இந்த மாசத்து லண்டன் காசு."