அப்பாச்சிக்காரர் எந்தத் தமிழ் பேசுவார்

போன கோடையில் சென்னையிலுள்ள ஒரு டப்பிங் ஸ்டுடியோவிலிருந்து எனக்கு ஒரு பழைய அமெரிக்கப் படம் வந்தது. குதிரையும் துப்பாக்கியும் செம்மண் பாறையுமாக ஓடுகிற படம். அமெரிக்க ராணுவத்துக்கு அடங்க மறுத்து மலைக்குள் ஒளிந்து சண்டை போடும் அப்பாச்சி மக்களின் கதை. ஒரு தொலைக்காட்சியில் ஞாயிறு மதியம் போடுவதற்காக அதற்குத் தமிழ் வசனம் எழுத வேண்டும். மூன்று வாரம் அவகாசம் கொடுத்திருந்தார்கள்.

இந்த வேலையை ஆறேழு வருடமாகச் செய்கிறேன். நெய்வேலியில் நாங்கள் இருக்கும் குவார்ட்டர்ஸ் மனைவியின் பெயரில் இருக்கிறது. நிலக்கரி நிறுவனத்தில் பர்மனென்ட் வேலை அவளுக்குத்தான். நான் முன்னறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எந்தெந்த நாட்டுக்காரர்களையோ தமிழ் பேச வைத்துக்கொண்டிருக்கிறேன். திரையில் உதடு அசைகிற நேரத்துக்குள் வசனம் தொடங்கி முடிய வேண்டும். இந்தத் தொழிலில் அது ஒன்றுதான் கட்டாயம்.

வசனத்துக்குப் பொறுப்பான அம்மையார் போனில் ஒரு விஷயம் சொன்னார். மூலத்தில் அப்பாச்சிகள் உடைந்த ஆங்கிலம் பேசுகிறார்கள், தமிழிலும் அப்படி உடைத்தால் ஜனங்கள் சிரித்துவிடுவார்கள், அதனால் அவர்களுக்கு ஏதாவது ஒரு கிராமத்துப் பேச்சைப் போடுங்கள், ராணுவத்துக்கு நல்ல தமிழைப் போடுங்கள் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான், எந்தக் கிராமம் என்ற கேள்வி எனக்கு வந்தது.

ஏனென்றால் எனக்கு எந்தக் கிராமத்துப் பேச்சும் வராது. அப்பா திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவர். அம்மா தஞ்சாவூர்ப் பக்கம். நான் பிறந்து வளர்ந்த தெருவில் வீட்டுக்கு ஒரு மாவட்டம். எல்லார் பேச்சும் ஒன்றோடொன்று உரசி, கடைசியில் எந்த ஊர் வாசனையும் இல்லாத ஒரு தமிழ்தான் எங்கள் வாயில் மிஞ்சியது.

முதல் முறை படத்தைத் தனியாகப் பார்த்தேன். பள்ளி நாட்களில் டவுன்ஷிப் கிளப்பில் இந்த மாதிரிப் படங்களைப் போடுவார்கள். ஒரு படத்தின் கதையும் ஞாபகமில்லை. தூரத்தில் ராணுவத்தின் ஊதுகொம்புச் சத்தம் கேட்டதும் கூட்டம் முழுக்கக் கைதட்டும், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்பாவும் தட்டுவார். வருகிறவர்கள் யாரைச் சுட வருகிறார்கள் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. இந்தப் படத்திலும் ஊதுகொம்பு வந்தது. என் கை தானாக மேசையில் தாளம் போட்டது. திரையில் அப்பாச்சிப் பெண்கள் கூடைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறம் அந்தக் காட்சியை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

பேச்சுக்காக என் நண்பர் ஒருவரைக் கேட்டேன். என்னைவிட நான்கு வயது மூத்தவர். மைன்ஸில் நிலக்கரி போகும் பெல்ட்டுக்குக் கீழே சிந்துவதை அள்ளிச் சுத்தம் செய்யும் பிரிவில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவருடைய ஊர் அவர் சிறுவனாக இருந்தபோதே மைன்ஸுக்குள் போய்விட்டது. இப்போது டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு காலனியில் வீடு. அவர் மகளுக்கு நான் ஒரு வருடம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்கு 'சார்' என்றே பெயர். நான் அண்ணே என்பேன். அவருக்கு முதல் ஷிப்ட் இல்லாத வாரங்களில் இருவரும் காலையில் சேர்ந்து நடப்போம்.

விஷயத்தைச் சொன்னதும், "அப்பாச்சின்னா பைக்கு இல்ல சார்?" என்று கேட்டார். அது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர், அதிலிருந்துதான் பைக்குக்கு வந்தது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் தங்கை மகன் அதைத்தான் வைத்திருப்பதாகச் சொன்னார்.

அவருடைய ஆஃப் நாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். அப்பாச்சித் தலைவர் ராணுவ அதிகாரியை நேருக்கு நேர் சந்திக்கும் காட்சியைப் போட்டேன். தலைவருக்கு நான் எழுதியிருந்தது இது: "இந்த மண்ணு எங்க ஆத்தா. ஆத்தாள எவனாச்சும் எழுதிக் குடுப்பானா?" எழுதி முடித்ததும் நானே இரண்டு முறை சத்தமாக வாசித்துப் பார்த்த வரி. நண்பர் அதை ஒரு முறை பள்ளிப் பாடம்போல் வாசித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"யாரு சார் இப்படிப் பேசுவாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. அப்படியானால் மைன்ஸுக்காக உங்கள் ஊரை அளக்க வந்தபோது உங்கள் அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டுமா என்று தெரியவில்லை. அவர் சாதாரணமாகத்தான் பதில் சொன்னார்.

"எங்கப்பாவா? வெயில்ல நின்னுகினு இருக்காங்களேன்னு மோரு குடுத்தாரு. கட்டில எடுத்தாந்து மரத்தடியில போட்டாரு. அளக்கற சங்கிலிய ஒரு பக்கம் புடிக்கச் சொன்னாங்க. புடிச்சாரு."

கோபம் இல்லையா என்றேன். இருந்திருக்கலாம், தனக்கு அப்போது ஏழு வயது, சங்கிலி வெயிலில் பளபளத்தது மட்டும்தான் நினைவிருக்கிறது என்றார். தலைவரின் வரியை அழித்தேன். அந்த இடத்தில் மோர் கொடுக்க முடியாது. வேறு என்ன போடுவது என்று தெரியாமல் லேப்டாப்பில் வசனம் இருந்த வெறும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அவர், அதிகாரி பேசுவதைத் தான் சொல்லிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். எழுந்து நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முகமே மாறிவிட்டது. "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம். பதில் வரும்வரை தாங்கள் ஒத்துழைப்பு தர வேண்டும்."

யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த வசனத்தோடு நான் இரண்டு நாள் மல்லுக்கட்டியிருந்தேன். ஆங்கிலத்தில் அதிகாரி சொன்னதும் ஏறக்குறைய அதுவேதான். உதட்டுக்குக்கூடச் சரியாகப் பொருந்தியது. அப்பாச்சியின் பேச்சுக்காக அழைத்து வந்த மனிதர், ராணுவத்தின் பேச்சை இப்படிப் பிசிறில்லாமல் பேசியதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குப் புரியவில்லை. அவரோ நன்றாக வந்ததில் சந்தோஷமாக உட்கார்ந்து டீ குடித்தார்.

படம் மேலே ஓடியது. ராணுவத்துக்கு முன்னால் ஒருவன் குனிந்து குதிரைக் குளம்படிகளைப் பார்த்துக்கொண்டே போகிறான். அப்பாச்சிக்காரன்தான். தலையில் அவர்களைப்போலத் துணி கட்டியிருக்கிறான். சட்டை மட்டும் ராணுவச் சட்டை. நண்பர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இவன் யாரு சார்? மொகம் அவங்க மொகமா இருக்கு. சட்ட இவங்க சட்டயா இருக்கு."

தடம் பார்த்துச் சொல்வதற்காக ராணுவம் அப்பாச்சிகளிலேயே சிலரை வேலைக்கு எடுத்தது, அது கதையல்ல, உண்மையாகவே நடந்தது என்றேன். அதன்பிறகு அவர் தலைவரைப் பார்க்கவே இல்லை. இவன் வருகிற இடமெல்லாம் திரும்ப ஓட்டச் சொன்னார். கடைசியில் தலைவர் பிடிபடும் காட்சி வந்தது. எதற்காக இவர்களோடு வந்தாய் என்று தலைவர் இவனைக் கேட்கிறார். ஆங்கிலத்தில் இவன் அமைதியைப் பற்றியும் வருங்காலத்தைப் பற்றியும் நீளமாக ஏதோ சொல்கிறான். நீங்களாக இருந்தால் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன்.

நிறுத்தி வைத்திருந்த முகத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். "வேல குடுத்தாங்க. வந்தேன்."

உடனே தட்டச்சு செய்தேன். படத்திலேயே நல்ல வரி அதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் அந்த ஆளுக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா என்று மட்டும் தெரியவில்லை. தனக்காகச் சொன்னதாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை இருந்ததா என்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை நடக்கும்போது அவராகவே பேச்செடுத்தார். அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். ஏன் என்றேன். அது அவன் சொல்கிற மாதிரி இல்லை என்றார். கொஞ்ச தூரம் போனதும், "அவனுக்கும் கொழந்த குட்டி இருக்கும். நாம எதுக்கு அவன் வாயில..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார். எடுத்துவிடுகிறேன் என்றேன். எடுக்கவும் செய்தேன். அமைதியும் வருங்காலமும் திரும்பி வந்தன. மற்ற அப்பாச்சி வசனங்களை, தலைவரின் வெறும் கட்டத்தையும் சேர்த்து, நண்பர் பேசுகிற பேச்சிலேயே எழுதி அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து ஸ்டுடியோ அம்மையார் பேசினார். மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, அந்த ஒரு இடம் மட்டும் சப்பென்று இருக்கிறது என்றார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். முன்னால் வேறு மாதிரி எழுதியிருந்தேன் என்று அந்த வரியைச் சொல்லிவிட்டேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அதுவே இருக்கட்டும் என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

இதை நண்பரிடம் சொல்லவில்லை. அதன்பிறகு எத்தனையோ காலைகள் பக்கத்தில் நடந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். மனைவி, சொல்லிவிடுங்கள், இதில் என்ன இருக்கிறது என்றாள். என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

படம் போடுகிற ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் இருவரையும் தன் வீட்டுக்கு அழைத்தார். காடாம்புலியூரில் கட்டிக்கொடுத்திருந்த மகளும் பலாப்பழத்தோடு வந்திருந்தாள். எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். அப்பாச்சிகள் வாயைத் திறந்ததும் அவர் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வூடு என்கிறார்கள், வந்துகினு போய்கினு என்கிறார்கள், நம்ம ஊர் ஆட்கள் குதிரையில் போகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. மகள் சிரிக்கவில்லை.

"பட்டாளத்துக்காரங்க மட்டும் ஏன் சார் நியூஸ் வாசிக்கற மாதிரி பேசறாங்க?"

ஸ்டுடியோவில் அப்படித்தான் கேட்டார்கள் என்றேன். அவள் தலையாட்டிவிட்டுச் சுளையை உரித்துத் தட்டில் வைத்தாள். தன் ஊர்ப் பேச்சை அப்பாச்சிகள் பேசியது அவளுக்குப் பெருமையாக இருந்ததா, சங்கடமாக இருந்ததா? என்னிடம் படித்த பெண்தான். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த இடம் வந்தது. தலைவர் கேட்டார். தடம் பார்க்கிறவன் வாயைத் திறந்தான். "வேல குடுத்தாங்க... சோறு போட்டாங்க... எம்புள்ளைங்க பசி தீந்துச்சி... அதான் வந்தேன்." பின்னால் சோகமாக வயலின் இழுத்தது. நான் போனில் சொன்னது இரண்டே வாக்கியம். மூலத்தில் அவன் நீளமாகப் பேசுவதால், குரல் கொடுக்கும்போது ஸ்டுடியோவிலேயே நீட்டிச் சேர்த்திருக்கிறார்கள். எனக்குக் காது சுட்டது. நண்பர் என் பக்கம் திரும்பவில்லை. படம் முடிகிறவரை நான் அவர் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் காட்சியில் ரயில் நிலையத்தில் தலைவரையும் அவர் ஆட்களையும் பெட்டியில் ஏற்றுகிறார்கள். தடம் பார்த்தவனின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு அவனையும் அதே பெட்டியில் ஏற்றுகிறார்கள். நண்பரின் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

நாங்கள் கிளம்பும்போது நண்பர் ஸ்கூட்டர்வரை வந்தார். அந்த வரியை எடுத்த பிறகு மறுபடியும் ஸ்டுடியோவுக்குச் சொன்னது தப்பு என்று நானே தொடங்கினேன்.

"மொத பாதி நான் சொன்னது," என்றார். "மிச்சம் யாரு சார் சொன்னது?"

உதட்டசைவைப் பற்றி விளக்கினேன். அவன் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது, அதற்கு ஏதாவது போட வேண்டியிருந்தது என்றேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"வாயி அசைஞ்சிகினே இருந்தா ஏதாச்சும் சொல்லித்தான் ஆவணும்," என்றார்.

கோபமாகச் சொன்னாரா, என்னைத் தேற்றச் சொன்னாரா, உதட்டசைவு புரிந்துவிட்டது என்பதற்காகச் சொன்னாரா என்று வழி முழுக்க யோசித்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியைக் கேட்டேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார் என்றாள். வீட்டுக்கு வந்த பிறகு, சாதாரணமாகச் சொல்லவில்லையோ என்று அவளே சந்தேகப்பட்டாள்.

மறுநாள் காலை வழக்கமான இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். பாதி வழிவரை பலாப்பழத்தைப் பற்றியே பேசினோம். பிறகு அந்த ரயில் எங்கே போனது என்று கேட்டார். நான் படித்திருந்ததைச் சொன்னேன். சொந்த மலையிலிருந்து வெகு தொலைவுக்குக் கொண்டுபோய்ப் பல வருடம் கைதிகளாக வைத்திருந்தார்கள். சண்டை போட்டவர்களோடு, ராணுவத்துக்காகத் தடம் பார்த்தவர்களையும் சேர்த்து.

"வேல பாத்தவங்களையுமா?"

ஆமாம் என்றேன். செகண்ட் ஷிப்ட்டுக்குப் போக வேண்டும், அதற்குமுன் கேஸ் சிலிண்டர் எடுக்க வேண்டும் என்று ஞாபகம் வந்தவர்போல வேகமாகத் திரும்பி நடந்தார். இதைச் சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமா, படம் பார்த்த முதல் நாளே சொல்லியிருக்க வேண்டுமா என்று தெரியாமல் நான் அங்கேயே நின்றேன்.