ஆயிரம் யானைக்குத் தீனி

போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஏறும் ஜீப்பில் தினமும் என் எதிரே உட்காருவார் ஒரு பெண். காயெடுத்துக் கறுத்த விரலால் ஒரு நடிகரின் சுயசரிதையைப் புரட்டிக்கொண்டிருப்பார். பேசக் கூச்சப்பட்டு, எனக்கு உயிரான போர் நாவலை ஒருநாள் அவரிடம் நீட்டிவிட்டேன். பத்து நாளில் திருப்பித் தந்தார். நாவலை என்ன சொல்வாரோ என்ற பயத்தில் முதலில் நடிகரின் புத்தகத்தைப் பற்றிக் கேட்டேன்.

"முந்நூறு பக்கத்துல ஒரு தப்புகூடப் பண்ணலண்ணே அந்த மனுசன். நம்புற மாதிரியா இருக்கு?"

"நான் குடுத்த நாவல்?"

"ஆயிரம் யானை போருக்கு வருதே, நம்ம தேவாரம் ஊருல ஒத்த யானை எறங்குனாலே தோட்டம் காலி. அம்புட்டுக்கும் யாருண்ணே தீனி போட்டா?"

ஜீப்பே சிரித்தது. வீட்டுக்குப் போனதும் நாவல் முழுக்கத் தேடினேன். ஒரு கட்டுத் தழைகூட இல்லை. நாலு தடவை படித்தவன் நான். நாலு தடவையும் யானைகள் பட்டினியாகத்தான் போருக்குப் போயிருக்கின்றன.