மச்சானின் பென்சனும் என் கையெழுத்தும்

போன பனிக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லண்டனில் இருக்கும் என் தங்கையின் கணவன் வாட்ஸப்பில் அழைத்து ஒரு செய்தி சொன்னான். அதற்குப் பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரும் சாகவில்லை, யாருக்கும் நோய் வருத்தமும் இல்லை. மச்சானுக்கு ஒரு நல்லது நடந்திருந்தது. அவ்வளவுதான்.

"மச்சான், பேரனைப் பாக்கிறதுக்கு எனக்குப் பென்சன் ஏறுது."

"ஆர் தாறது, மகளோ?"

"அரசாங்கம். மகள் வேலைக்குப் போறாள், பிள்ளையைப் பாக்கிறது நான். பிள்ளைக்கெண்டு பென்சன் கணக்கில தனக்குப் பதியிற வருசத்தை எனக்கு மாத்தச் சொல்லி மகள் சைன் வைச்சுக் குடுத்தவள். இப்ப நான் வீட்டில நிக்கிற வருசமும் வேலை செய்த வருசம் மாதிரித்தான்." பிறகு ஒரு மிடறு தேத்தண்ணி குடித்துவிட்டுக் கேட்டான். "நீயும் பாக்கிறாய்தானே. உங்கட கனடாவில என்ன மாதிரி?"

பதில் தெரிந்துகொண்டுதான் கேட்டான். எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

மச்சானின் வேலையையும் என் வேலையையும் ஒருக்கால் பாருங்கள். அவனுடைய பேரன் பள்ளிக்கூடம் போகிறவன். மூன்று மணிக்குப் போய்க் கூட்டிவந்து, ஒரு பிஸ்கற் கொடுத்து, ரீவிக்கு முன்னால் விட்டால் முடிந்தது. என் பேத்திக்கு இரண்டு வயது. பிறம்ரன் வெயார்ஹவுஸில் பெட்டி தூக்கித் தூக்கி நாரி எலும்பு தேய்ந்து, வேலையை விட்ட நாளிலிருந்து, மார்க்கம் நகரில் மகள் வீட்டில் வாரத்துக்கு ஐந்து நாள் பேத்தியுடன்தான் நிற்கிறேன். அவளுக்கு ஸ்னோ சூட், அந்தப் பனிக்காலத்து முழு உடுப்பு, போட இருபது நிமிடம் வேண்டும். ஒரு காலை உள்ளே விட்டு மற்றக் காலைத் தேடினால் முதல் கால் வெளியே நிற்கும். இரண்டையும் விட்டு, சிப்பை இழுத்து, தொப்பியைக் கட்டி முடிந்த பிறகுதான் "அம்மப்பா, சூ" என்பாள். இதற்கு ஒரு சதம் பென்சன் இல்லை. பிஸ்கற் கொடுக்கிறவனுக்கு உண்டு.

அன்று பின்னேரமே என் முதுமை முழுவதையும் மனதுக்குள் பார்த்து முடித்துவிட்டேன். மச்சான் கப்பலில் உல்லாசப் பயணம் போகிறான். நான் ஷொப்பிங் மோலில் ஒரு தேத்தண்ணியை வாங்கி, கடை பூட்டும்வரை குடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த மோலும் குளிராக இருந்தது.

திங்கட்கிழமை மகளிடம் கேட்டேன்.

"அது யூகே ரூல் அப்பா. இஞ்ச கிராண்ட்பேரன்ற்ஸுக்கு ஒண்டும் இல்லை," என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கஷ்டமெண்டால் டேகெயார்ல விடவோ?" என்றாள்.

"சீச்சீ, பொது அறிவுக்குக் கேட்டனான்," என்று சொல்லி, பேத்தியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். பென்சன் கேட்கப் போய்ப் பிள்ளையையும் பறிகொடுக்கப் பார்த்தேன்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. புதன்கிழமை பேத்தியைச் சாட்சிக்கு இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்காபரோவில் இருக்கும் அரசாங்க அலுவலகத்துக்கே போனேன். அங்கே இருந்த பெண் பொறுமைசாலி. பேரப்பிள்ளைக்கு அப்படி எதுவும் இல்லை என்றாள். ஆனால் பெற்ற தாயோ தகப்பனோ, சொந்தப் பிள்ளைக்கு ஏழு வயதாகும் வரை வீட்டில் நின்றிருந்தால், சம்பளம் இல்லாத அந்த வருடங்கள் பென்சனைக் குறைக்காதபடி பார்த்துக்கொள்வார்களாம்.

"உங்கள் பிள்ளைகளுக்காக யாராவது வீட்டில் நின்றார்களா?"

"மனைவி நின்றவ. ஏழெட்டு வருடம், பிறகுதான் வேலைக்குப் போனவ," என்றேன், வெளியே பனி கொட்டுகிறது என்று சொல்லும் குரலில்.

"பிள்ளைகளுக்கு அரசாங்கம் தரும் மாதக் கொடுப்பனவு யாருடைய பெயரில் வந்தது?"

என் பெயரில்தான். நாங்கள் வந்த புதிதில், எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் விண்ணப்பப் போம் நிரப்பியது ஒரு அண்ணைதான். "வீட்டுக்காரன்ர பேரில இருந்தால் வில்லங்கம் இல்லை," என்பது அவருடைய கொள்கை. தாயின் பெயர் வரவேண்டிய இடத்திலும் என் பெயரைப் போட்டார். பிள்ளைகளை வளர்ப்பது தகப்பன்தான் என்று ஒரு கடிதமும் எழுதினார். அவர் விரல் வைத்த இடத்தில் மனைவி கையெழுத்து வைத்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆகவே கனடா அரசாங்கத்தின் ஏட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவன் நான்.

அரை நிமிடம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்படியென்றால் அது எனக்கு வருமா?"

"அந்த வருடங்களில் நீங்கள் வேலை செய்தீர்களா?"

இரண்டு வேலை செய்தேன். பிள்ளைகளை நான் அநேகமாக நித்திரையில்தான் பார்த்தேன்.

"அப்படியானால் உங்களுக்கு அதனால் பயன் இல்லை. அந்த உரிமையை மனைவிக்கு விட்டுக்கொடுத்து நீங்கள் கையெழுத்து வைக்கவேண்டும்," என்று ஒரு படிவத்தைத் தந்தாள்.

மச்சான்மேல் இருந்த பொறாமை, கார் வீட்டுக்கு வந்து சேர முன்னமே மனைவிமேல் மாறிவிட்டது. எனக்கென்று கேட்கப் போனேன், அவளுக்கென்று வாங்கி வந்தேன். படிவத்தைக் காரின் முன் லாச்சிப் பெட்டிக்குள் வைத்து, மேலே கையுறை இரண்டையும் போட்டேன். மறைத்தேன் என்று சொல்லமாட்டேன். குளிராமல் இருக்கட்டும் என்று மூடினேன்.

வெள்ளிக்கிழமை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போகும் வழியில் மூக்குத் துடைக்க ரிஷ்யூ தேடிய மனைவி அதைக் கண்டுபிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, இது என்ன?"

"உமக்கு ஒரு சப்பிறைஸ்."

"கையுறைக்குக் கீழயோ?"

வாசித்தாள். கோயில் வாகனத் தரிப்பிடம் வரும்வரை இரண்டாம் தரமும் வாசித்தாள். காரை நிறுத்தியதும் கேட்டாள்.

"அந்த நேரம் ஆரும் என்னைப் பற்றிக் கேட்டால் நீங்கள் என்ன சொல்லுறனீங்கள், நினைவிருக்கோ?"

இருந்தது. "மனிசி வேலைக்குப் போறேல்லை, வீட்டில சும்மா இருக்கிறா" என்பேன்.

"எனக்கு அப்ப ரெண்டு பிள்ளை, ஸ்னோ சூட்டுக்கு நாலு கால்," என்றாள். "லிஃப்ற் பழுதாப் போன கிழமையளில ஆறு மாடி. உங்களுக்கு இப்ப ரெண்டு கால். காரும் நிக்குது."

அன்று சுவாமியிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் இல்லை.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்தோம். பிள்ளைகளை வீட்டில் நின்று பார்த்தது நான் அல்ல, அவள்தான் என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"பேனை எழுதுதில்லை," என்றேன்.

"மற்றப் பேனை கிடக்கு."

கையெழுத்து வைக்கும்போது மச்சானின் மகளை நினைத்தேன். அவளும் இப்படித்தான் ஒரு மேசையில் இருந்து, என் பிள்ளையைப் பார்ப்பது இவர்தான் என்று எழுதிக் கொடுத்திருப்பாள். மச்சான்மேல் எனக்குப் புதிதாக ஒரு பொறாமை கிளம்பியது. என்னைப் பற்றி அப்படி எழுத இந்த நாட்டில் ஒரு கடதாசியும் அச்சடிக்கவில்லை. அச்சடித்தாலும் என்ன, மனைவிக்குக் கிடைக்கவே இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. என் முறை வரும்போது பேத்திக்கே பேரப்பிள்ளை பிறந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் அழைக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. நானே அழைத்தேன்.

"மச்சான், பிள்ளை பாத்ததுக்கு எங்கட வீட்டிலயும் பென்சன் கூடப்போகுது. போம் அனுப்பியாச்சு."

அந்தப் பக்கம் தேத்தண்ணி புரையேறியது. மூன்று நாள் பட்டினிக்கு அந்த இருமல் போதும்.

"ஆருக்கு மச்சான், உனக்கோ?"

"வீட்டுக்கு," என்றேன்.

"எனக்கு," என்றாள் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவி, லண்டனுக்குக் கேட்கும்படியாக.