நாற்பது எம்எம் கட்டரும் மூன்று மணிப் பரீட்சையும்

நான் வேலை செய்யும் இடத்தைத் தொழிற்சாலையில் டூல் ஸ்டோர் என்பார்கள். நான் கூண்டு என்பேன். மூன்று பக்கம் கம்பி வலை, ஒரு பக்கம் சுவர், இரண்டு கை நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல். ஆறு வருஷமாக, இந்த மராத்தி ஊரின் ஒரு மூலையில் இருக்கும் நிக்டியிலிருந்து பஸ் ஏறி வந்து அதற்குள் உட்காருகிறேன்.

ஒவ்வொரு தொழிலாளிக்கும் நம்பர் குத்திய பித்தளை வில்லை உண்டு. வில்லையைக் கொடுத்தால் கருவியைக் கொடுப்பேன். கருவி இருந்த ஆணியில் வில்லையை மாட்டுவேன். ஒரே ஒரு வில்லை தொங்கினாலும் கூண்டை மூடக் கூடாது. பாத்ரூமுக்குப் பத்து நிமிஷம் போகலாம், அவ்வளவுதான். சாவி என் கையில்தான் இருக்கிறது. இருந்து என்ன பிரயோஜனம்?

ஆய்வுப் பிரிவுக்கு மாற்றச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். இங்கே செய்து முடித்த ஸ்டெயின்லெஸ் டாங்கியை அளந்து பார்த்து நல்லது, கெட்டது என்று எழுதும் வேலை அது. வெளியே பார்க்கும் ஜன்னல் வைத்த அறை, நடமாடலாம். கடைசியில் ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு மாடியில் பரீட்சை என்றார்கள். அன்று காலையிலிருந்தே ஜன்னலுக்கு வந்த ஒவ்வொருவரிடமும், இரண்டரைக்குள் எல்லாம் திரும்பி வர வேண்டும் என்று கத்திச் சொன்னேன். வந்தது. ஒன்றைத் தவிர.

நாற்பது எம்எம் ஹோல் கட்டர். கிண்ணம் மாதிரி இருக்கும், விளிம்பில் கார்பைடு பற்கள். ஆறு எம்எம் ஸ்டெயின்லெஸ் தகட்டில் வட்டமாக ஓட்டை போட அதை விட்டால் வேறில்லை. இரும்பை அறுக்கும் அந்தப் பல் இடி தாங்காது. சிமெண்ட் தரையில் விழுந்தாலே சில்லு பெயரும். அதை வாங்கிப் போனவன் இதே ஊரில், ஏரவாடாவில் பிறந்து வளர்ந்த தமிழன், ஃபிட்டர். அந்தக் கூரைக்குக் கீழே என்னிடம் தமிழ் பேசும் ஒரே ஆள்.

இரண்டே முக்காலுக்கு வந்தான். பழந்துணியில் சுற்றி ஏதோ கொண்டுவந்து ஜன்னலில் வைத்தான்.

"அக்கா, கோச்சுக்காதீங்க."

பிரித்தேன். மூன்று பல் இல்லை. வெட்டிய வட்டத்துண்டு உள்ளேயே சிக்கியிருந்தது.

"டிரில்லை ஹேமர் மோடுல வெச்சா ஓட்டுன?"

"காலைல செவுத்துல ஓட்டை போட்டேன். அப்பறம் மாத்த மறந்துட்டேன்."

"இடிச்சு இடிச்சு ஓட்டுனா பல்லு நிக்குமா? ஏழு வருஷமா ஃபிட்டரு, இது தெரியாதா?"

"தெரியும்க்கா. அதான் சொல்றேன்ல, மறந்துட்டேன். நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போயிருங்க. உங்களுக்கும் பேப்பருக்கு டைம் ஆச்சு. ரெண்டு பேருக்கும் ஃபாயிதா, லாபந்தான்."

உடைந்த கருவியை நான் மட்டும் வாங்கி வைக்க முடியாது. மேனேஜர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வில்லையைக் கழற்றலாம். மேனேஜர் பரீட்சை நடத்த மாடிக்குப் போயிருந்தார். போன் செய்தேன். எடுத்த பியூன், சாஹேப் ஹாலுக்குள் போய்விட்டார், முடியும்வரை கூப்பிட முடியாது என்று மராத்தியில் சொல்லி வைத்துவிட்டான்.

"ரெண்டு மெமோ ஏற்கனவே இருக்குக்கா. இது மூணாவது. என்னைய இங்க வேலைக்கு அனுப்புற லேபர் ஏஜெண்ட் கேட்டுக்கு வெளிய நிப்பாட்டிருவான்."

அவன் கண்ணைப் பார்க்காமல் கட்டரைப் பார்த்தேன். பொய் எழுதலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். இல்லை என்று சொன்னால் அதுதான் பொய். போன வருஷம் பல் போன கட்டரை யாரோ சொல்லாமல் ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்கள். அடுத்து எடுத்த வெல்டருக்கு அது தகட்டில் கவ்வி, டிரில் திரும்பி மணிக்கட்டு முறிந்தது. அவர் வலது கையால் இப்போதும் டம்ளர் தூக்க முடியாது.

"நல்லது கெட்டது பாக்குற வேலைக்குத்தான்டா பரீட்சை எழுதப் போறேன். கெட்டதை நல்லதுன்னு எழுதி வெச்சிட்டா போறது?"

"பெரிய கலெக்டர் வேலை பாருங்க," என்றான். போய்விட்டான்.

ரிஜிஸ்டரில் அவன் நம்பரைப் போட்டு, ஹேமரில் ஓட்டியதால் மூன்று பல் உடைந்தது என்று எழுதினேன். மூன்று மணி ஆனது. மூன்றரை ஆனது. தலைக்கு மேலே நாற்காலிகள் இழுபடுவது கேட்டது. பூட்டிவிட்டுப் போயிருக்கலாம். போனால் வேலை போகும். வேலை போனால் நிக்டி வீட்டில் வாடகை யார் கொடுப்பது? உட்கார்ந்திருந்தேன்.

நாலரைக்கு மேனேஜர் இறங்கி வந்தார். படித்தார், கையெழுத்துப் போட்டார். நீ வரவில்லையே, உனக்கு விருப்பம் இல்லை என்று நினைத்தேன் என்றார். ஒற்றை வில்லையைக் காட்டினேன். சிரித்தார். இந்த ஸ்டோரில் இப்படி உள்ளதை உள்ளபடி எழுத வேறு யார் இருக்கிறார்கள், உன்னை எப்படி மேலே அனுப்புவது என்றார். பாராட்டாம். கட்டரை எடுத்து அவர் மேல் எறியலாம் போல இருந்தது.

ஃபிட்டரைப் பதினைந்து நாள் வெளியே நிறுத்தினார்கள். ஸ்டெயின்லெஸில் அவனைப்போல் ஓட்டை போட ஆள் கிடைக்காததால் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இப்போது ஜன்னலுக்கு வந்தால் வில்லையைத் தள்ளிவிட்டு, நாற்பது என்பதைக்கூட "சாலீஸ்" என்று இந்தியில் சொல்கிறான். நானும் இந்தியிலேயே, ஹேமரை அணைத்தாயா என்று கேட்கிறேன். கட்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

அடுத்த பரீட்சைக்கு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பெயர் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு இரண்டு மணியிலிருந்து யாரையாவது கூண்டில் உட்கார வையுங்கள், ஆள் இல்லை என்றால் நீங்களே உட்காருங்கள் என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்து ஒன்பது நாள் ஆகிறது. பியூனைக் கேட்டால், கடிதம் அவர் மேஜையில்தான் இருக்கிறதாம். படிக்கவில்லையாம்.